மலைநாட்டு ஈரத்தில் ஒரு 12 போர் (குழல் அளவு) இரட்டைக் குழல் துவக்கு: நீண்டகாலப் பாவனைக் குறிப்பு

நுவரெலியா, வெலிமடை பக்கம் பயிர்க்காவலுக்கென்று லைசன்ஸ் எடுத்து வைத்திருக்கும் துவக்குகளில், வெடிவைத்தே தேய்ந்துபோன ஒன்றைக் காண்பது அரிது. கெடுவதெல்லாம் சும்மா வைத்திருக்கும்போதுதான். குழலுக்கு அடியில் கைபிடிக்கும் மரமான முன்கட்டையைக் கழற்றிக் குழலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளியே தெரிகிற இடமெல்லாம் கறுப்பு மெருகு பளபளக்கும். கட்டை மூடியிருந்த முக்கால் அடி நீளத்துக்கு மட்டும் காவி நிறத்தில் பொருக்குத் தட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால் தூளாக விழும். நனைந்த துவக்கை எல்லோரும் துடைக்கிறார்கள், ஆனால் வெளிப்புறத்தை மட்டும். கட்டைக்குள் இறங்கிய தண்ணீர் அங்கேயே கிடந்து தின்கிறது.

மழை கூடப் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். இரும்பின் வியர்வைதான் மோசம். நுவரெலியாவின் 1,868 மீட்டர் உயரத்து இரவுக் குளிரில் ஊறிய இரும்பை, விறகடுப்பு எரியும் வீட்டுக்குள் கொண்டுவந்தால் சில நிமிடத்தில் குழல் முழுக்க முத்து முத்தாகப் பனிக்கும், குழலின் உட்புறமும் சேர்த்து. உடனே துடைத்து உறையில் போடுவதால் பயனில்லை. முதலில் துவக்கு வெறுமையா என்று பார்த்து, அறையின் சூட்டுக்கு வரும்வரை அரைமணி நேரமாவது கண்முன்னால் திறந்தபடி வைத்துவிட்டுப் பிறகு துடைக்க வேண்டும்.

ரெக்சின் உறை கொண்டுபோக மட்டும். அதற்குள்ளேயே வைத்திருந்தால் ஈரத்தைக் கட்டிக் காப்பாற்றிக் கொடுக்கும். அடுப்புக்கு மேலே பரணில் வைப்பதும் நல்லதல்ல. விறகுப் புகையின் கரியும் புளிப்பும் படிந்த இடம் ஈரத்தை இழுக்கும். பூட்டுப் போட்ட மர அலுமாரியின் அடியில், துணி எதுவும் படாமல், 25 வாட் பழைய குண்டு பல்ப் ஒன்று எரிந்தால் போதும். எல்இடி பல்ப் வேண்டாம், அதில் போதிய சூடு இல்லை. மின்சாரம் இல்லாத இடத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் அரைக் கிலோ வைக்கலாம். நிறம் மாறியதும் சமையலுக்கு எடுக்காத ஒரு சட்டியில் மெல்லிய சூட்டில் காயவைத்தால் திரும்பவும் உதவும். மே தொடங்கி செப்டெம்பர் வரை அட்டன், வட்டவளைப் பக்கத்தில் பல்போ ஜெல்லோ இல்லாமல் சமாளிப்பது கஷ்டம்.

இனி சுத்தம் செய்கிற முறை. தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டியிருக்க வேண்டும். துவக்கை நடுவில் மடித்துத் திறந்து, குழல்களில் தோட்டா உட்காரும் இரண்டு அறையும் வெறுமை என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். பிறகு மூடி, முன்கட்டையின் கொக்கியை விடுவித்துக் கழற்றி, திரும்ப மடித்துக் குழலைத் தூக்கி எடுங்கள்.

முதல் வேலைக்குப் பழைய பத்திரிகைத் தாளில் கால் பக்கத்தைக் கசக்கி, தோட்டா போடும் பக்கத்திலிருந்து வாய்ப்பக்கம் தள்ளுங்கள். தளர்ந்த கரியில் பெரும்பகுதி அதோடு போய்விடும், துணியும் மிச்சம். அடுத்து வெண்கலப் பிறஷ்ஷைக் கரைப்பானில் நனைத்து ஒரு குழலுக்குப் பத்துத் தடவை. ஒவ்வொரு தடவையும் மறுபக்கம் முழுக்க வெளியே வரவிட்டுத்தான் திரும்ப இழுக்க வேண்டும். நடுவில் திருப்பினால் மயிர் மடங்கிப் பிறஷ் வீணாகும். பத்து நிமிடம் ஊறட்டும். பிறகு பழைய சாரத் துணியில் மூன்று அங்குலச் சதுரமாக வெட்டிய துண்டுகளை, வெள்ளையாக வெளிவரும் வரை விடுங்கள்.

இதோடு நிறுத்துகிறவர்கள் பலர். குழலை வெளிச்சத்துக்குப் பிடித்துக் கொஞ்சம் சரித்துப் பார்த்தால், அறை முடிந்து குழல் ஒடுங்கும் இடத்திலும், வாய்ப்பக்கம் கடைசி இரண்டு அங்குலத்திலும் சாம்பல் நிறக் கோடுகள் தெரியும். ஒன்று ஈயம், மற்றது தோட்டாவின் பிளாஸ்டிக் அடைப்பு உருகி ஒட்டியது. அதற்கடியில் ஈரம் புகுந்தால் மேலே போட்ட எண்ணெய் எட்டாது. அந்த இரண்டு இடத்துக்கும் இன்னொரு முறை கரைப்பான், இன்னொரு பத்து இழுப்பு. கடைசியில் நாலைந்து துளி எண்ணெய் தொட்ட கம்பளிக் குஞ்சம்.

தோட்டாவை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டரைத் தூக்கி அதன் அடியைப் பழைய பல்துலக்கியால் தட்டிவிடுங்கள். எரியாத வெடிமருந்துத் துகள் அங்கே சேர்ந்துதான் துவக்கு முழுக்க மூடாமல் அடம்பிடிக்கும். மடிப்பு முள்ளுக்குத் தீக்குச்சித் தலையளவு கிறீஸ்.

எண்ணெய் விஷயத்தில் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். 24 பாகை செல்சியஸ் அளவிலேயே உறைகிற எண்ணெய் நுவரெலியாவில் வருடம் முழுக்க மெழுகுதான். தோட்டாவை அடிக்கும் ஊசியின் துளையில் உறைந்தால் அடி மெதுவாக விழும், தோட்டா வெடிக்காது. அப்படி வெடிக்காமல் போனால் குழலை ஆபத்தில்லாத பக்கம் பிடித்து முப்பது விநாடி பொறுத்தே திறக்க வேண்டும். மண்ணெண்ணெய் கழுவ நல்லது, காக்க உதவாது. டபிள்யூடி-40 தண்ணீரை வெளியேற்றும், அதற்குமேல் நம்ப வேண்டாம். தையல் மெசின் ஒயில் மெல்லிய பூச்சுக்குச் சரி, ஆனால் மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருதரம் புதுப்பிக்க வேண்டும். துவக்குக்கென்றே விற்கும் எண்ணெய் விலை கூடினாலும் ஒரு சின்னப் போத்தல் நீண்ட காலம் வரும்.

எந்த எண்ணெயானாலும் அதிகம் விட்டால் சுடும் பொறியான பூட்டு வழியாகக் கட்டைக்குள் இறங்கும். இரும்பு கட்டையைச் சந்திக்கும் இடத்தில் மரம் கறுத்து மெத்தென்று ஆகியிருந்தால் காரணம் அதுதான். எண்ணெய் போட்ட அன்று ஒரு இரவு, வாய்ப்பக்கம் கீழே இருக்க, பத்திரிகைத் தாளின்மேல் சாய்த்து வையுங்கள். கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் மூன்று துளி உள்ளங்கையில் தேய்த்துப் பூசுங்கள். ஆனால் அந்த எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி எறியக்கூடாது, தானாகத் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப்போடுங்கள்.

ஊவாப் பக்கம் கதை வேறு. ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடித்தால் மரம் சுருங்கித் திருகாணி தளரும். வீட்டுத் திருப்புளியால் முறுக்கினால் தலை சிதைந்து அசிங்கமாகும், பூட்டுக்குள் கைவைத்தால் அதைவிட மோசம். லைசன்ஸ் உள்ள திருத்துநரிடம் கொடுப்பதே மலிவு.

அவரிடம் போகவேண்டுமா என்று அறிய இரண்டு சோதனை. முன்கட்டை இல்லாமல், வெறுமையாக, மூடிய துவக்கை மெல்ல ஆட்டுங்கள். குழல் கடகடத்தால் மடிப்புத் தேய்ந்திருக்கிறது. கழற்றிய இரட்டைக் குழலைக் கொக்கியில் தொங்கவிட்டு விரல் மூட்டால் தட்டுங்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது, விரிசல் பானைபோல் அதிர்ந்தால் குழல்களை இணைக்கும் பட்டை விட்டிருக்கிறது, உள்ளே தண்ணீரும் இருக்கலாம்.

துரைமார் காலத்துத் துவக்கானால் குழலின் அடித் தட்டையில் இருக்கும் முத்திரையைப் படியுங்கள். பழைய துவக்குகள் பலவற்றின் அறை நீளம் இரண்டரை அங்குலம். அதில் இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டா நுழையும், ஆனால் வெடிக்கையில் தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

சுத்தம் முடிந்து இரண்டு நாள் கழித்து ஒரு வெள்ளைத் துணியை மறுபடி குழலுக்குள் விட்டுப் பாருங்கள். காவி தெரிந்தால் வேலை முடியவில்லை. வைத்திருந்த துவக்கை எடுக்கும்போதெல்லாம் குழல் வழியே வெளிச்சம் பார்ப்பதும் அவசியம், குளவி ஒரு வாரத்தில் மண்கூடு கட்டிவிடும். சுத்தம் செய்யும்போது வெட்டிய துணித்துண்டுகளையும் எண்ணி வையுங்கள். உள்ளே போனது எட்டென்றால் மேசையில் எட்டு கிடக்க வேண்டும். ஒன்று குழலுக்குள் தங்கினாலும் அடுத்த வெடியில் குழல் பிளக்கலாம்.