மலையக வேன் பயணத்துக்கு மூன்று வழி கேஸ் ஃப்ரிட்ஜ்: பாதுகாப்புப் பாகங்களை வைத்து ஒரு மதிப்பீடு

கம்ப்ரசர் இல்லை, சத்தம் இல்லை. 230 வோல்ட், 12 வோல்ட், கேஸ் என மூன்றிலும் ஓடும். கேம்பர் வேன் கட்டுபவர்கள் டொமெடிக், நோர்கோல்ட் பெயர்களைத் தேடுவது இதற்காகத்தான். உள்ளே அமோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் அடைபட்ட குழாய்களில் சுற்றுகின்றன. அடியில் ஒரு பொய்லரைச் சூடாக்கினால் மேலே குளிர்கிறது. ஆக இது பூட்டிய பெட்டிக்குள் இரவு முழுக்க எரியும் ஓர் அடுப்பு. வாங்கும்போது எத்தனை லீட்டர் கொள்ளும் என்பதற்கு முன்னால், அந்த நெருப்பை எது காவல் காக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நுவரெலியா, அப்புத்தளைப் பக்கம் ஓடும் வேனுக்குக் கையால் பற்றவைக்கும் பழைய வகையையே சிபாரிசு செய்வோம். தானே பற்றவைக்கும் மின்னணு போர்ட் உள்ள தானியங்கி வகை வசதியானது; ஆனால் கோளாறு வந்தால் மலையில் அதைச் சரிபார்க்க ஆள் கிடைப்பது கடினம்.

கைவகையின் காவலாளி தெர்மோகப்பிள். அதன் நுனி சுடருக்குள் நின்று சூடாகும்போது 25 முதல் 35 மில்லிவோல்ட் வரை உண்டாகிறது; அந்தச் சிறு மின்சாரமே கேஸ் வால்வைத் திறந்து பிடிக்கிறது. சுடர் அணைந்தால் நுனி ஆறி வால்வு தானே மூடும். பற்றவைத்த பிறகு குமிழை 15 விநாடியாவது அழுத்திப் பிடித்து விடுங்கள். விட்டதும் அணைந்தால் உடனே புது தெர்மோகப்பிள் வாங்க ஓடவேண்டாம். முதலில் நுனி சுடருக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். குலுங்கும் பாதையில் தாங்கி வளைந்து விலகிவிடும். அடுத்து, வால்வில் சேரும் நட்டைக் கழற்றி முனையைத் துணியால் துடைத்து, கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். அதிகம் முறுக்கினால் உள்ளே உள்ள காப்பு நசுங்கி நல்ல பாகமும் வீணாகும். அதன் பிறகும் நிற்காவிட்டால் கழற்றிய முனையில் மல்டிமீட்டர் வைத்து, குமிழை அழுத்தியபடியே சுடரில் அளந்து பாருங்கள். 20 மில்லிவோல்டுக்குக் கீழே என்றால் மாற்றுங்கள். அளவு சரியாக இருந்தும் வால்வு பிடிக்காவிட்டால் கோளாறு வால்வின் காந்தச்சுருளில்.

மூடும் வேலையைச் சோதிப்பது இன்னும் முக்கியம். பலர் இதைச் செய்வதே இல்லை. ஃப்ரிட்ஜ் கேஸில் நன்றாக ஓடும்போது சிலிண்டர் வால்வை மூடி, சுடர் அணைந்த நொடியிலிருந்து எண்ணுங்கள். ஒரு நிமிடத்துக்குள் 'டக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்த ஃப்ரிட்ஜைக் கேஸில் ஓட்டாதீர்கள். சுடர் நிற்கவில்லை என்று குமிழை டேப் போட்டு அழுத்தி வைக்கும் பழக்கம் உயிரைப் பறிக்கும்: அணைந்த பிறகும் கேஸ் வந்துகொண்டே இருக்கும், அது காற்றைவிடக் கனமானதால் வேனின் தரையில் தேங்கும்.

மலைக்கே உரிய சிக்கல் உயரம். 5,500 அடிக்கு மேல், அதாவது சுமார் 1,676 மீட்டருக்கு மேல், கேஸில் குளிர் குறையலாம், சுடர் அணையலாம் என்று நோர்கோல்ட் கையேடுகளே எச்சரிக்கின்றன. எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை, ஹட்டன் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே. நுவரெலியா நகரம் 1,868 மீட்டர். ஹோர்டன் சமவெளி 2,100 மீட்டருக்கும் மேல். அங்கே காற்று மெலிந்ததால் கேஸ் முழுதாக எரியாமல் சுடர் மஞ்சளாகி, கரி படிந்து, தெர்மோகப்பிள் நுனியும் மூடிக்கொள்ளும். கரண்ட் கிடைக்கும் இடத்தில் 230 வோல்டுக்கு மாற்றிவிடுவதே சரி. நம் சிலிண்டர்களில் பியூட்டேன் பங்கு அதிகம். புரொப்பேன் முதலில் போய்விடுவதால் அடியில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன்தான். ஜனவரி உறைபனி இரவில் அதன் அழுத்தம் இறங்கிச் சுடர் சிறுத்து, விடியற்காலையில் வால்வு மூடிவிடும். காலையில் தெர்மோகப்பிளைக் குறை சொல்வார்கள். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும். அந்த இரவுகளுக்கு நிறைந்த சிலிண்டரை வையுங்கள். சிலிண்டரைச் சூடாக்க முயலவே வேண்டாம். காற்று வீசும் மேட்டில் ஃப்ரிட்ஜின் துவாரப் பக்கம் காற்றுக்கு மறைவாக இருக்கும்படி வேனை நிறுத்துங்கள்.

சுடர் மஞ்சளாக இருப்பதற்குத் தாழ்வான இடத்திலும் காரணங்கள் உண்டு. புகைக்குழாயின் துரு பர்னரில் விழும். நிறுத்தி வைத்த வேனில் குளவி மண் கூடு கட்டும். குழாய்க்குள் தொங்கும் முறுக்குத் தகட்டை எடுத்து, தூரிகையால் தேய்த்து ஊதுங்கள். கேஸ் வெளிவரும் ஜெட் துளைக்குள் ஊசி விடக்கூடாது. துளை பெரிதானால் சுடரும் பெரிதாகும். ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் காற்றில் உலர்த்தினால் போதும். மீண்டும் பூட்டியதும் இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிக் கசிவு பாருங்கள்.

தானியங்கி வகையில் போர்ட் தானே பொறி கொடுத்து, சுடர் வழியாக ஓடும் மிகச் சிறு மின்சாரத்தை அளந்து நெருப்பு இருக்கிறதா என்று அறிகிறது. சில முயற்சிகளில் தெரியாவிட்டால் பூட்டிக்கொண்டு விளக்கு காட்டும். பெரும்பாலும் குற்றம் கரி படிந்த மின்முனையில், அல்லது துருப்பிடித்த எர்த் இணைப்பில். மின்முனைக்கும் பர்னருக்கும் இடைவெளி 3 முதல் 5 மி.மீ. இருக்கட்டும். அமெரிக்காவில் 2006இல் டொமெடிக்கும் 2010இல் நோர்கோல்ட் 1200 வரிசையும் தீ ஆபத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டு, அதிக வெப்பத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாகங்கள் சேர்க்கப்பட்டன. அப்படி ஒரு பாகம் துண்டித்திருந்தால் வயரைச் சேர்த்து முறுக்கி ஓட்டாதீர்கள். பொய்லர் ஏன் அவ்வளவு சூடானது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கு விடை பெரும்பாலும் சரிவு. பொய்லருக்குத் திரவம் திரும்புவது புவியீர்ப்பால் மட்டுமே. சாய்ந்து நின்றால் திரவம் வேறிடத்தில் தேங்கி, பொய்லர் காய்ந்து கொதிக்கும். உள்ளே உள்ள அரிப்புத் தடுப்பு உப்பு பிரிந்து குழாயை அடைக்கும். அந்தச் சேதம் ஆறாது. பல மாடல்களுக்கு எல்லை பக்கவாட்டில் 3 பாகை, முன்பின்னாக 6 பாகை. மீட்டருக்கு 5 செ.மீ. சரிந்தாலே 3 பாகை வந்துவிடும். தேயிலை மலைப் பாதையோரத்தில் அது கண்ணுக்குக்கூடத் தெரியாது. வேன் ஓடும்போது திரவம் குலுங்கிக் கலந்துவிடுவதால் பயமில்லை, நிறுத்தும்போதுதான் ஆபத்து. கைவகையின் பெரிய குறை இங்கேதான்: கேஸில் ஓடும்போது பெரும்பாலான மாடல்களில் இதைத் தடுக்க எந்தப் பாகமும் இல்லை. 12 வோல்டைத் துண்டித்துப் பொய்லரைக் காக்கும் வெளிக்கருவிகளும் தானியங்கி வகைக்கே பயன்படும். ஆகவே ஃப்ரீசர் தட்டில் மட்டம் பார்க்க ஒரு ஸ்பிரிட் லெவல், சக்கரத்துக்கு அடியில் வைத்து வேனை மட்டமாக்க வண்டியில் நான்கு மரக்கட்டைகள். இவை இல்லாமல் இந்த வகையை வாங்கவேண்டாம்.

இறக்குமதி வேனில் வருவதென்றால் ஃப்ரிட்ஜின் விவரத் தகட்டைப் படியுங்கள். ஜப்பானிய 100 வோல்ட் ஹீட்டரை நம் 230 வோல்டில் செருகினால் ஐந்து மடங்குக்கும் மேல் சூடாகும். அமெரிக்க 120 வோல்ட் என்றால் ஏறத்தாழ நான்கு மடங்கு. சில பழைய ஐரோப்பிய மாடல்கள் 50 மில்லிபார் அழுத்தத்தில் கேஸ் கேட்கும்; 30 மில்லிபார் ரெகுலேட்டரில் அவற்றின் சுடர் நோஞ்சானாகவே எரியும். 12 வோல்ட் ஹீட்டர் 120 வாட் என்றால் 10 ஆம்பியர் இழுக்கும், ஆகவே எஞ்சின் ஓடும்போது மட்டுமே. நல்ல ஹீட்டரா என்று அறிய வோல்டை வோல்டால் பெருக்கி வாட்டால் வகுங்கள்: 12 வோல்ட், 120 வாட் என்றால் 1.2 ஓம் காட்ட வேண்டும்.

குளிருக்காகத் துவாரங்களைத் துணியால் அடைப்பதை நுவரெலியாவில் யாரும் செய்யக்கூடாது. புகை உள்ளே வந்தால் கார்பன் மொனொக்சைடு தூக்கத்திலேயே கொல்லும். அதற்கான அலாரம் ஒன்று படுக்கும்போது தலை இருக்கும் உயரத்திலும், கேஸ் அலாரம் ஒன்று தரையருகேயும் அவசியம். பழைய ஃப்ரிட்ஜ் வாங்கும்போது பின்பக்கம் மூடியைக் கழற்றிப் பாருங்கள். குழாயில் மஞ்சள் தூள் படிந்திருந்தாலோ அமோனியா நெடி அடித்தாலோ உள்ளே ஓட்டை விழுந்துவிட்டது. அந்தத் தூள் சோடியம் குரோமேட், நஞ்சு. கையால் தொடாதீர்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.