புதுச்சேரியில் இரண்டு ராத்திரி: மாடி அறை கேளுங்கள்

கல்யாணப் போட்டோ ஆர்டர் ஒன்றுக்காக நவம்பரில் புதுச்சேரி போயிருந்தேன். கடற்கரைக்குப் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு ஒன்றை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். பெயர் வேண்டாம், வேலை பார்க்கிற பிள்ளைகள் தங்கமானவர்கள். முற்றம், தூண்கள், மஞ்சள் சுவர் என்று படம் எடுக்க ஆசையாக இருக்கும். காலை இட்லியும் அருமை.

குறை அறையில்தான். தரைத்தளத்தில் கொடுத்தார்கள். கதவைத் திறந்ததும் ரூம் ஸ்பிரே மூக்கில் ஏறியது, அதற்கு அடியில் நனைந்த கோணிச் சாக்கு வாடை. சுவரில் பதித்த அலமாரியைத் திறந்தால் பின்பக்கம் முழுக்கச் சாம்பல் பச்சைப் புள்ளிகள். பையை வைக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். லென்ஸில் ஒருமுறை பூஞ்சை விழுந்து பதினெட்டாயிரம் அழுதவன் நான். அன்றிலிருந்து ஈரப்பதமானி இல்லாமல் வெளியூர் போவதில்லை. கட்டில் பக்கத்தில் வைத்தேன்: 83 சதவீதம். 60-ஐத் தாண்டினாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

காரணம் மறுநாள் காலையில் பிடிபட்டது. ராத்திரி முழுக்க ஏசி 20-இல் ஓடியிருந்தது. கேமராவோடு முற்றத்துக்கு வந்ததும் லென்ஸ் பனி மூடிவிட்டது, கால் மணி நேரம் சும்மா நின்றேன். வெளியே 26 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம். அந்தக் காற்று 23 டிகிரிக்குக் கீழே இருக்கிற எதைத் தொட்டாலும் வேர்த்துவிடும். அறைச் சுவருக்கும் தினமும் இதே கதிதான். சாவி அட்டையை உருவினால் ஏசி நின்றுவிடும், கதவிடுக்கில் நுழைகிற காற்று சில்லிட்ட சுவரில் போய்ப் படியும். லென்ஸையாவது நான் துடைத்தேன்.

ஏசி இல்லாத காலத்தில் இந்தத் தொல்லை இருந்திருக்காது. உயரமான கூரை, காற்று ஓடும் மரச்சட்ட ஜன்னல், குடித்த ஈரத்தைத் திரும்ப வெளியே விடுகிற சுண்ணாம்புச் சுவர். இப்போது ஜன்னலில் கண்ணாடி வைத்து சிலிக்கானால் அடைத்துவிட்டு, சுவருக்கு பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் போக வழியில்லாமல் இடுப்புயரம் வரை கொப்புளம். ஒன்றை விரலால் அமுக்கினேன், உப்பும் சுண்ணாம்புமாகப் பொலபொலவென்று கொட்டியது. (ஓனர் மன்னிக்கவும்.)

“மழைக்காலத்துல அப்படித்தான் சார், தை பொறந்ததும் பெயிண்ட் அடிச்சிருவோம்” என்றார் ரூம்பாய் தம்பி. மறுபடி அதே எமல்ஷன்! பழைய தமிழ் வீடுகள் நிற்கிற வைசியாள் வீதியைச் சீரமைத்து 2008-இல் யுனெஸ்கோ விருது வாங்கிய ஊர் இது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்காமலா போவார்?

கேட்டதும் மறுபேச்சில்லாமல் மாடிக்கு மாற்றினார்கள். மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, பழைய சுண்ணாம்புப் பூச்சு, திறக்கக்கூடிய ஜன்னல். கூரையில் பகல் சூடு கொஞ்சம் மிச்சமிருந்தது, ஃபேன் மட்டும் போட்டுப் படுத்தேன். மானி 74. லென்ஸ்கள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவிலேயே இருந்தன, ஆனால் தலையணையில் வாடை இல்லை.

மாடிக்கு ஐந்தில் நாலு, கீழ் அறைக்கு இரண்டு. கீழேதான் கிடைக்கிறது என்றால் முதலில் அலமாரியைத் திறந்து பாருங்கள், அப்புறம் பையை இறக்குங்கள்.