ஓவியமும் மாதிரிப் படமும்: எந்தக் கருவி எந்தப் பிழையைக் காட்டும்?

"அக்கா, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இது அம்மா இல்லை."

இறந்துபோன தாயாரின் புகைப்படத்தைக் கொடுத்து, எண்ணெய் வண்ணத்தில் தீட்டித் தரும்படி கேட்டிருந்த பெண் இப்படிச் சொன்னாள். குறை சொல்லும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை, வருத்தத்தோடு சொன்னாள். 16-க்கு 20 அங்குலக் கேன்வாஸ். புகைப்படத்தில் அந்த அம்மாள் ஒரு கல்யாண மண்டபத்தின் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். குங்குமச் சிவப்பில் பட்டுப்புடவை, பச்சைக் கரை, இடது பக்கத்திலிருந்து விழும் பகல் வெளிச்சம். அதைத் தீட்ட இரண்டு வாரம் உழைத்திருந்தேன். "ஒரு வாரம் பொறு அம்மா, பார்த்துச் சரிசெய்கிறேன்" என்று அனுப்பிவைத்தேன்.

அந்த ஒரு வாரத்தில், ஓவியத்தை மாதிரிப் படத்தோடு ஒப்பிட எனக்குத் தெரிந்த டிஜிட்டல் வழிகள் அனைத்தையும் அதே கேன்வாஸில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். ஓவியமும் ஒன்று, படமும் ஒன்று என்பதால் எந்த வழி எதைக் கண்டுபிடித்தது, எதைத் தவறவிட்டது என்பது தெளிவாகத் தெரிந்தது.

எந்தக் கருவியைத் திறப்பதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஓவியத்தை ஒழுங்காகப் படம் எடுக்க வேண்டும். பலர் இங்கேயே தோற்றுவிடுகிறார்கள். கைபேசியின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் அகலக்கோண லென்ஸ் கொண்டது. அருகில் நின்று எடுத்தால் கேன்வாஸின் ஓரங்கள் லேசாக வளைந்துவிடும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, 2 மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். லென்ஸ் கேன்வாஸின் நடுப்புள்ளி உயரத்தில் இருக்கட்டும். ஃபிளாஷ் வேண்டாம். ஈர எண்ணெய் வண்ணம் மினுங்கும் என்பதால் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும். கேன்வாஸின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவைத்தால், நிறம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பிறகு தெரியும்.

எடுத்த படத்தை 1600-க்கு 2000 பிக்சல் பக்கத்தில் வைத்து, கேன்வாஸின் நான்கு மூலைகளையும் பக்கத்தின் நான்கு மூலைகளுக்கு இழுத்துப் பொருத்தினேன். கேமரா சாய்ந்திருந்ததால் வந்த கோணல் இதில் நேராகிவிடும். லென்ஸால் வந்த வளைவு மட்டும் போகாது. இந்த அளவில் 100 பிக்சல் ஓர் அங்குலம். ஆகவே 12 பிக்சல் பிசகு என்றால் கேன்வாஸில் 3 மில்லிமீட்டர். திரையில் பார்த்ததைத் தூரிகைக்குக் கொண்டுபோக இந்தக் கணக்கு மிகவும் உதவியது.

மென்பொருள் எது என்பது பெரிய கேள்வி இல்லை. கிம்ப், கிரிட்டா இரண்டும் இலவசம். போட்டோபியா உலாவியிலேயே ஓடும். ஐபேட் வைத்திருப்பவர்களுக்குப் புரோகிரியேட் இருக்கிறது. மாதச் சந்தா கட்டிப் போட்டோஷாப் வைத்திருப்பவருக்கு இந்த வேலையில் கூடுதலாக ஒன்றும் கிடைத்துவிடாது. லேயர்களை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் படத் தாள்களை, அடுக்கும் வசதியும், அவற்றைக் கலக்கும் முறைகளும் எல்லாவற்றிலும் உண்டு. உண்மையான போட்டி மென்பொருள்களுக்கு இடையே இல்லை, ஒப்பிடும் முறைகளுக்கு இடையேதான்.

கணினியைத் திறக்கும் முன் எனக்குத் தோன்றிய மூன்று சந்தேகங்களை ஒரு தாளில் எழுதிவைத்தேன்: மூக்கு நீளம், நெற்றி குறுகல், இடது தாடை அகலம். இந்தப் பழக்கத்தை எல்லோருக்கும் சொல்வேன். முதலில் உங்கள் கண் ஒன்றைச் சொல்லியிருந்தால்தான், கருவி அதை ஒப்புக்கொள்ளும்போதும் மறுக்கும்போதும் கண் எதையாவது கற்றுக்கொள்ளும்.

முதலில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் முறை. மேல் லேயரைப் பாதி மங்கலாக்கிப் பார்த்தால் இரண்டு முகங்களும் கலந்து தெரியும். எந்தக் கோடு யாருடையது என்றே புரியாது. இதைவிட 'டிஃபரென்ஸ்' என்ற கலப்பு முறை கூர்மையானது. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு படத்தின் அளவிலிருந்து மற்றதன் அளவைக் கழித்துக் காட்டும். இரண்டும் ஒன்றானால் கறுப்பு, வேறுபட்டால் வெளிச்சம். ஆனால் வண்ணம் புகைப்படத்தோடு முழுதாக ஒத்துப்போவது ஒருநாளும் நடக்காது என்பதால் முதலில் முகம் முழுவதும் பளபளத்தது. இரண்டையும் கறுப்பு வெள்ளையாக்கிய பிறகே விளிம்புகள் பேசத் தொடங்கின. இடது தாடையோரம் 12 பிக்சல் அகலத்தில் ஒரு வெள்ளைக் கீற்று. என் மூன்று சந்தேகங்களில் இது ஒன்றுதான் உண்மையானது.

இந்த முறையில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. எந்தப் புள்ளியைப் பிடித்துப் பொருத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பிழையே இடம் மாறிவிடும். கேன்வாஸ் ஓரங்களை வைத்துப் பொருத்தியபோது முகத்தில் எல்லாமே தவறாகத் தெரிந்தது. காரணம், தலை முழுவதுமாக 20 பிக்சல், அதாவது 5 மில்லிமீட்டர், வலப்பக்கம் நகர்ந்திருந்தது. உருவப்படத்தில் அது ஒரு பிழையே இல்லை. லேயரை நகர்த்தி இரு கண்களின் உள்மூலைகளையும் பொருத்தியபோது மூக்கு, காது, மயிர்க்கோடு மூன்றும் சரியாக உட்கார்ந்தன. வாய் மட்டும் 2 மில்லிமீட்டர் கீழே இருந்தது. வாயைப் பொருத்தினால் கண்கள் மேலே ஏறிவிட்டன. அப்படியானால் தவறு கண்ணிலா, வாயிலா? கருவிக்கு அது தெரியாது. மற்ற மூன்று புள்ளிகளும் கண்களோடு ஒத்துப்போனதால் வாய்தான் இறங்கியிருக்கிறது என்று நானே தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஒரே பொருத்தத்தை நம்பி அழிக்கத் தொடங்குபவர்கள் சரியாக இருந்த கண்ணை அழித்துவிடுவார்கள்.

அதே லேயர்களை அப்படியே வைத்துக்கொண்டு, மேல் லேயரை மறைத்தும் காட்டியும் மாறி மாறிப் பார்ப்பது அடுத்த முறை. இதற்குத் தனியாக ஒன்றும் தேவையில்லை. லேயரின் பக்கத்தில் இருக்கும் கண் சின்னத்தைத் திரும்பத் திரும்பச் சொடுக்கினால் போதும். 1930 பிப்ரவரியில் அமெரிக்க வானியலாளர் கிளைட் டோம்பா புளூட்டோவைக் கண்டுபிடித்தது இப்படித்தான். சில நாள் இடைவெளியில் எடுத்த வானத்தின் இரண்டு புகைப்படத் தகடுகளை ஒரு கருவியில் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஆயிரக்கணக்கான புள்ளிகள் அசையாமல் இருக்க, ஒன்று மட்டும் குதித்தது. அசைவைப் பிடிப்பதில் நம் கண் அவ்வளவு கெட்டி.

என் திரையில் குதித்தது வலது கண்ணின் மேலிமை. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கழித்துப் பார்த்தபோது அது மயிரிழை போன்ற ஒரு கீற்றாக மட்டும் தெரிந்ததால், தாடையின் பெரிய கீற்றுக்கு முன்னால் கண்ணில் படவே இல்லை. மாற்றி மாற்றிப் பார்த்தபோதோ, புகைப்படத்தில் விழித்திருந்த அம்மாள் என் ஓவியத்துக்கு வந்ததும் தூக்கக் கலக்கத்தில் இமையைத் தாழ்த்தினார். தாடையின் 3 மில்லிமீட்டரைவிட முகத்தை அதிகம் மாற்றியது இந்த ஒன்று. கழித்தல் முறை பிழையின் அளவைச் சொல்கிறது, இந்த முறை அந்தப் பிழை முகத்துக்கு என்ன செய்கிறது என்று காட்டுகிறது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், யோசிக்காமல் இதை எடுப்பேன். கைபேசிப் படத்தொகுப்பில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. படம் நழுவிக்கொண்டே மாறுவதால் குதிப்பு கரைந்துவிடும்.

கட்டம் போட்டுச் சரிபார்ப்பது நமக்குப் பழகிய முறை. சென்னையில் சினிமா பேனர் தீட்டியவர்கள் சிறு ஸ்டில் படத்தில் கட்டம் போட்டுப் பல அடி உயரத்துக்குப் பெருக்கினார்கள். இப்போது செயலிகள் இரண்டு படங்களின்மேலும் ஒரே கட்டத்தை நொடியில் விரித்துவிடுகின்றன. சுவர் ஓவியத்துக்கு இதுதான் நம்பகமான வழி, ஏனென்றால் பெரிய சுவரை வளைவில்லாமல் ஒரே படத்தில் எடுப்பது கடினம். முகத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு கட்டத்துக்குள் கோடு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று தெரியும், நடுவில் அது எப்படி வளைகிறது என்பது தெரியாது. என் மேலிமை ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிட்டது. கட்டம் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டது.

இடவலமாகத் திருப்பிப் பார்ப்பதற்கு மாதிரிப் படம்கூட வேண்டாம். ஓவியத்தைக் கண்ணாடியில் பார்க்கும்படி லியொனார்டோ தம் குறிப்புகளில் சொல்லியிருக்கிறார். கைபேசியில் இரண்டு விநாடி வேலை. திருப்பியதும் வாய் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது தெரிந்தது. எவ்வளவு என்று இந்த முறை சொல்லாது.

கைபேசித் திரை வழியாகத் தாளைப் பார்த்து வரைய உதவும் டா வின்சி ஐ போன்ற செயலிகள், 1806-இல் ஆங்கில அறிவியலாளர் வொல்லஸ்டன் காப்புரிமை பெற்ற, காட்சியைத் தாளின்மேல் விழுந்ததுபோல் காட்டும் கேமரா லூசிடா என்ற கருவியின் இன்றைய வடிவம். தொடக்கத்தில் தலையை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க அவை நல்லவை. சரிபார்ப்பதற்கு எனக்கு ஒத்துவரவில்லை. தாங்கி ஒரு துளி அசைந்தாலும் எல்லாம் நகர்ந்துவிடுகிறது, நான் தேடுவதோ ஒரு மில்லிமீட்டரை.

இவை எல்லாம் கோட்டைச் சரிபார்ப்பவை. கோடுகளைத் திருத்திய பிறகும் அந்த அம்மாள் முழுதாக வந்து சேரவில்லை. மீதி டோனில் இருந்தது. எந்த இடம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருள் என்ற கணக்கில் இருந்தது.

டோனைப் பார்க்க இரண்டு படங்களையும் கறுப்பு வெள்ளையாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். எந்த வகைக் கறுப்பு வெள்ளை என்பதில் கவனம் தேவை. கிம்பில் நிறம் நீக்கப் பல வழிகள் உண்டு. 'ஆவரேஜ்' சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்கும். 'லூமா' நம் கண்ணின் இயல்பை ஒட்டிப் பச்சைக்கு ஏறத்தாழ 72, சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7 சதவீத எடை கொடுக்கும். இந்த எடைகளை அந்தப் புடவையில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0 முதல் 255 வரையிலான அளவில், சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில், புடவையின் சிவப்பு உடல் 220, 30, 40. பச்சைக் கரை 30, 140, 60. சராசரியில் சிவப்பு 97, பச்சை 77, அதாவது சிவப்பு வெளிச்சமானது. எடை போட்டுப் பார்த்தால் சிவப்பு 71, பச்சை 111. தலைகீழ்! முதல் கணக்கை நம்பிக் கரையை இருட்டாக்கியிருந்தால் புடவையே கெட்டிருக்கும்.

பிறகு இரண்டையும் 'போஸ்டரைஸ்' செய்து நான்கே படிகளாகக் குறைத்தேன். கண்ணைச் சுருக்கிப் பார் என்று ஆசிரியர்கள் சொல்வதைத்தான் இது இயந்திரத்தில் செய்கிறது. புகைப்படத்தில் வலது கண்குழியின் நிழல் கன்னத்தில் இறங்கித் தாடைக்கடியில் கழுத்து வரை ஒரே திட்டாக ஓடியது. என் ஓவியத்தில் அதே நிழல் மூன்று துண்டுகளாக உடைந்து கிடந்தது. கழுத்து கிட்டத்தட்ட முகத்தின் வெளிச்சத்திலேயே இருந்தது. கழுத்தும் தோல்தானே என்று மனம் சொன்னதைக் கை தீட்டியிருக்கிறது. கோட்டை அளக்கும் எந்தக் கருவியும் இதைச் சொல்லியிருக்க முடியாது, ஏனென்றால் கோடு எதுவும் இங்கே தவறவில்லை.

நிறத்தை எடுத்துக் காட்டும் 'பிக்கர்' கருவியைப் பற்றி எச்சரிக்கையாகவே சொல்வேன். திரை ஒளியை உமிழ்கிறது, வண்ணம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இடையில் கேமரா தன் போக்கில் வெண்மையைத் திருத்தியிருக்கிறது. ஓவியத்தின் எண்ணைப் புகைப்படத்தின் எண்ணோடு பொருத்த முயன்றால் நாள் முழுவதும் வீணாகும். ஒரே புகைப்படத்துக்குள் இரண்டு இடங்களை ஒப்பிடுவதற்கு மட்டும் அது உதவும்: நெற்றி வெதுவெதுப்பா, கன்னம் வெதுவெதுப்பா என்ற மாதிரிக் கேள்விகளுக்கு. நிறத்துக்கு நான் செய்வது வேறு. படத்தை நல்ல தாளில் அச்சிட்டு, பேலட் கத்தியின் நுனியில் கலந்த வண்ணத்தை எடுத்து அச்சின்மேல் பிடித்துப் பார்க்கிறேன்.

புகைப்படத்தையும் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். 12 அங்குலத் தொலைவில் எடுக்கும் தற்படத்தில் மூக்கு, 5 அடியில் எடுத்ததைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டார்கள். அப்படிப்பட்ட படத்தை வைத்துக்கொண்டு கருவி காட்டும் கீற்றையெல்லாம் அழித்தால் கேமராவின் பிழையைப் பாடுபட்டு நகலெடுத்தவர்கள் ஆவோம். என்னிடம் இருந்த படம் நல்ல வேளையாகத் தள்ளி நின்று எடுத்தது.

இப்போது நான் போகும் வரிசை இது. முதலில் திருப்பிப் பார்ப்பேன். கறுப்பு வெள்ளையில், நான்கு படிகளில் நிழல் திட்டுகளைப் பார்ப்பேன். பிறகு மாற்றி மாற்றிப் பார்ப்பேன். கழித்துப் பார்ப்பது கடைசியில், எவ்வளவு என்ற எண் தேவைப்படும்போது மட்டும். கணினி இல்லை, கைபேசி மட்டும்தான் என்றால் முதல் இரண்டும் அதிலேயே முடியும், அவையே பாதிக்கு மேற்பட்ட பிழைகளைச் சொல்லிவிடும்.

தாடையைப் பத்து நிமிடத்தில் உள்ளே தள்ளினேன். வாயைச் சுரண்டி எடுத்து மறுபடி தீட்டினேன். இமைக்கு ஒரு மணி நேரம் ஆனது. கழுத்து நிழலை ஒரு பகல் முழுவதும் தீட்டினேன். எட்டாம் நாள் அந்தப் பெண் வந்தாள். ஒன்றும் சொல்லாமல் கேன்வாஸின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்து, "காதில் அந்தச் சின்னத் தோடு, அதைக்கூட விடவில்லையே அக்கா" என்றாள். தோட்டை நான் தொடவே இல்லை, முதல் நாளும் அது அங்கேதான் இருந்தது.

தலை இன்னும் 5 மில்லிமீட்டர் வலப்பக்கம்தான் இருக்கிறது.