‘புது செல் போட்டாச்சு’ என்றால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

பேட்டரியில் ஓடும் புல்வெட்டும் மெஷினை ரிப்பேருக்குக் கொடுக்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். எனக்குப் பண நஷ்டத்தோடு போயிற்று. கை போயிருக்கலாம், வீடு தீப்பிடித்திருக்கலாம்.

என்னுடையது 36 வோல்ட் மெஷின். திடீரென ஒருநாள் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரியின் மேலிருந்த விளக்குகள் அத்தனையும் எரிந்தன, சார்ஜரும் எப்போதும்போல் பச்சை காட்டியது. ரிப்பேர் செய்பவர் பார்த்த மாத்திரத்தில் “பேட்டரிக்குள்ள இருக்கிற செல் போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்” என்றார். போட்டும் கொடுத்தார். மல்டிமீட்டரை வைத்து 41 வோல்ட் இருப்பதை என் கண்முன்னே காட்டினார். பழைய செல்களைக் கேட்டேன். “அதெல்லாம் தூக்கிப் போட்டாச்சு” என்று முடித்துவிட்டார்.

வீட்டில் ஓட்டினால், சற்று நேரத்திலேயே மோட்டாரின் சத்தம் இறங்கியது. அடர்ந்த புல்லில் ஏறினால் முனகிக்கொண்டு நின்றது. பேட்டரியைக் கழற்றியபோது கையில் பிடிக்க முடியாத சூடு. அதைவிடப் பயமுறுத்தியது வேறொன்று: கைப்பிடி லீவரை விட்ட பிறகும் பிளேடு சுற்றிக்கொண்டே இருந்தது. சாவியைப் பிடுங்கினால்தான் நின்றது. போன் செய்து கேட்டதற்கு “இந்த மாடல் அப்படித்தான்” என்று பதில் வந்தது.

எந்த மாடலும் அப்படி வராது. லீவரைப் பிடித்திருக்கும் வரைதான் பிளேடு ஓட வேண்டும். கால் வழுக்கி விழுந்தால் கை தானாக விட்டுவிடும் அல்லவா, அதற்காக வைத்த ஏற்பாடு அது. அமெரிக்காவில் 1982 முதல், கையால் தள்ளும் மெஷின்களில் கைப்பிடியை விட்ட 3 நொடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும் என்று விதியே இருக்கிறது.

சாவியைக் கழற்றி வைத்துவிட்டு, பேட்டரி வேலை தெரிந்த நண்பரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தோம். பேட்டரிப் பெட்டி என்னுடையதுதான், மூலையில் இருந்த கீறல்கூட அப்படியே இருந்தது. உள்ளேதான் சரக்கு மாறியிருந்தது. ஒவ்வொரு செல்லின் மேலும் பளபளவென்று நீல உறை. நகத்தால் கீறினால் அதன் அடியில் இன்னொரு உறை, மங்கிய பச்சையில், சில செல்களில் இளஞ்சிவப்பில். முனைகளில் பழைய வெல்டிங்கைப் பிய்த்தெடுத்த சின்னச் சின்னப் புள்ளிகள், அவற்றின் மேலேயே உருண்டையாகச் சால்டர். பழைய லேப்டாப் பேட்டரிகளிலிருந்து உருவியவை என்று நண்பர் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

லேப்டாப் செல்லும் இந்த மெஷினின் செல்லும் அளவில் ஒன்றே: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அதனால்தான் ஏமாற்றுவது சுலபம். ஆனால் லேப்டாப் செல்லால் தொடர்ந்து 4, 5 ஆம்பியர்தான் தர முடியும். 1000 வாட் இழுக்கும் மோட்டாருக்கு 36 வோல்ட்டில் கிட்டத்தட்ட 28 ஆம்பியர் வேண்டும். இரண்டிரண்டாகச் சேர்த்துப் பத்து வரிசை போட்ட பேட்டரியில், ஒவ்வொரு செல்லின் தலையிலும் 14 ஆம்பியர் விழும். லோடு இல்லாமல் மீட்டர் வைத்தால் சாகக் கிடக்கிற செல்கூட நல்ல வோல்ட் காட்டும். எனக்குக் காட்டிய 41-இன் ரகசியம் அதுதான்.

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. செல்களைக் காக்கிற சர்க்கியூட் போர்டைத் தாண்டி, மைனஸ் ஒயரை நேராக வெளியே கொடுத்திருந்தார். வோல்ட் எவ்வளவு இறங்கினாலும் கட் ஆகாது. ஒரு வரிசையில் 1.9 வோல்ட்தான் இருந்தது. லித்தியம் செல் அந்த அளவுக்கு இறங்கினால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கலாம். அதை மறுபடி சார்ஜ் போட்டால் உள்ளுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. நான் அதை ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் பதறுகிறது.

அப்புறம் கைப்பிடியைத் திறந்தோம். லீவருக்குக் கீழே நகம் அளவுக்கு ஒரு மைக்ரோ சுவிட்ச், லீவரைப் பிடித்தால் மட்டும் மோட்டாரை ஓடவிடுவது அதுதான். அதன் இரண்டு ஒயரையும் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி டைரக்ட் பண்ணியிருந்தார். கழன்று கிடந்த சுவிட்சை மீட்டரில் வைத்தால், எவ்வளவு அழுத்தினாலும் தொடர்பு கிடைக்கவில்லை. ஆக, மெஷின் நின்றதற்குக் காரணமே அந்தச் சுவிட்ச்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சுவிட்சை டைரக்ட் பண்ணியதும் மெஷின் ஓடியிருக்கும். அதன் பிறகும் என் செல்களை எடுத்துக்கொண்டு கழிசடையைத் திணித்திருக்கிறார். திரும்பப் போய்க் கேட்டபோது, பெட்டியைத் திறந்துவிட்டதால் கேரண்டி கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பழைய பாகம் போடுவதை நான் குறை சொல்லவில்லை. இப்போது என் மெஷின் ஓடுவதே பழைய பாகத்தில்தான். பிளேடு மூடி உடைந்ததால் ஒருவர் கழித்துப்போட்ட அதே மாடல் மெஷின் கிடைத்தது. சுவிட்சை அதிலிருந்து எடுத்துப் போட்டோம். பேட்டரியைப் பிரிக்காமல் போர்டோடு முழுசாக மாற்றினோம், ஓட்டிப் பார்த்துச் சூட்டையும் வோல்ட்டையும் கவனித்த பிறகு. எது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பழையதைப் புதுசு என்று விற்பதும், பாதுகாப்புக்கு இருப்பதைச் சொல்லாமல் பிடுங்குவதும்தான் அயோக்கியத்தனம்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது, கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த ஒரு பேச்சிலேயே பாதிப் பேர் ஜாக்கிரதையாகிவிடுவார்கள். பில்லில் புதுசா பழசா என்று எழுதி வாங்குங்கள். மீட்டர் காட்டினால், மோட்டார் ஓடும்போது காட்டச் சொல்லுங்கள். 18650 எனப்படும் இந்த அளவுச் செல்லில் 9900 மில்லி ஆம்பியர் ஹவர் (கொள்ளளவு) என்று அச்சடித்திருந்தால் அது பொய். அந்த அளவுள்ள நல்ல செல்லில் 3500 இருந்தாலே பெரிது.

ஏற்கெனவே ரிப்பேர் செய்து வாங்கியவர்கள், புல்லில்லாத சமதரையில் மெஷினை ஓடவிட்டு லீவரை விட்டுப் பாருங்கள். பிளேடு நிற்கவில்லையென்றால் சாவியை உருவிவிடுங்கள், சரிசெய்யும் வரை ஓட்ட வேண்டாம். பேட்டரி உப்பியிருந்தாலோ, ஓடிய சற்று நேரத்தில் தொட முடியாமல் சுட்டாலோ சார்ஜ் போடாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, வீட்டுக்கு வெளியே வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். சாதாரணக் குப்பையில் மட்டும் போட வேண்டாம், குப்பை அள்ளுபவர் கையில் அது வெடிக்கலாம்.