பழைய வண்டியோடு வாங்கிய மெக்கானிக்கல் வாரண்டி: எஞ்சின் போன பிறகு டர்பனில் இருந்து எழுதும் மதிப்புரை

பழைய குடும்ப வண்டி வாங்கும்போது, கடன் தாள்களில் கையெழுத்து வாங்கும் அதே மேசையில் வைத்து விற்கப்படும், பாகங்கள் பழுதானால் செலவை ஏற்பதாகச் சொல்லும் மெக்கானிக்கல் வாரண்டியைப் பற்றி எழுதுகிறேன். 2023 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு விற்பனையாளரிடம், 68,000 கிலோமீட்டர் ஓடியிருந்த, 2018ஆம் ஆண்டு மாடல் ஏழு இருக்கை பெட்ரோல் வண்டி ஒன்றை வாங்கினோம். நான், மனைவி, மூன்று பிள்ளைகள், மாமியார் என்று ஆறு பேர் போக வர வேண்டியிருப்பதால் சிறிய வண்டி எங்களுக்குப் போதாது. தயாரிப்பாளரின் வாரண்டி ஏற்கனவே முடிந்துவிட்டிருந்தது. ஆகவே 24 மாதங்களுக்கான இந்த வாரண்டியை 14,500 ராண்டுக்கு எடுத்தேன், அந்தத் தொகையும் கடனிலேயே சேர்க்கப்பட்டது. 22ஆம் மாதத்தில் எஞ்சின் போயிற்று. பழுது பார்க்க மொத்தம் 78,600 ராண்ட் ஆனது. வாரண்டி நிறுவனம் முதலில் ஒரு ராண்ட் கூடத் தர முடியாது என்று எழுதியது. 71 நாட்களுக்குப் பிறகு 36,000 ராண்ட் கொடுத்தது.

2025 ஜூலை கடைசியில், ஆடி மாதக் கூழ் ஊற்றும் பூசைக்காக ஜோஹன்னஸ்பர்க் அருகே லெனேஷியாவில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் புறப்பட்டோம். டர்பனில் இருந்து ஜோஹன்னஸ்பர்க் செல்லும் என்3 நெடுஞ்சாலை கடல் மட்டத்தில் தொடங்கி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியதும் டவுன் ஹில் ஏற்றத்தில் செங்குத்தாக ஏறும். முழுச் சுமையோடு போகும் வண்டிக்கு அது கடுமையான சோதனை. ஏற்றத்தில் மெல்லிய தட்டல் ஒன்று கேட்டது. முன்னால் போன லாரியின் சத்தம் என்று நினைத்துவிட்டேன். மோய் ரிவர் சுங்கச்சாவடி வரிசையில் நின்றபோது சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கியது, ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் அணைந்தது. வரிசையைக் கடந்து ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணைத்தேன். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு சரியாகவே இருந்தது. அளவு சரியாக இருந்தும் அழுத்தம் இல்லை என்றால் எஞ்சினுக்குள் ஆயில் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்று பொருள் என்பதை அன்றைக்கு நான் அறியவில்லை. ஆனால் அணைத்தது நல்லதாயிற்று; பின்னால் வாரண்டி நிறுவனம் கேட்ட முதல் கேள்வியே "விளக்கு எரிந்த பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள்" என்பதுதான். சுங்கச்சாவடி ரசீதில் இருந்த நேரமும், இழுவை வண்டிக்காரர் எழுதித் தந்த இடமும் நேரமும் அந்தக் கேள்விக்குப் பதிலாக நின்றன.

வண்டியை டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள ஒரு பட்டறைக்கு இழுத்து வந்தோம். நாற்பது ஆண்டுகளாக எஞ்சின் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் அதை நடத்துகிறார். தமிழ் அவருக்குத் தன் ஆயா வீட்டில் பேசிக் கேட்ட அளவில்தான் வரும். ஆனால் அந்தக் கொஞ்சத்தையும் தயங்காமல் பேசுவார். ஆயிலை ஒரு தட்டில் வடித்து, வெயிலில் சாய்த்துக் காட்டினார். ஜரிகை உதிர்ந்தது போல ஆயில் முழுக்க மின்னியது. ஒரு காந்தத்தை அதில் அலசி எடுத்தார்; அந்தத் துகள்களில் ஏறக்குறைய ஒன்றும் ஒட்டவில்லை. "தம்பி, இது இரும்பு இல்லை, பேரிங் போச்சு" என்றார். "அண்ணா, எஞ்சினே போச்சா?" என்று கேட்டேன். "திறந்து பார்த்துதான் சொல்லணும். வாரண்டிக்காரன் சரின்னு சொல்லாமல் நான் தொடமாட்டேன்" என்றார். இந்த ஒரு கட்டுப்பாடு எங்களைக் காப்பாற்றியது, ஏனென்றால் முன் அனுமதி இல்லாமல் எஞ்சினைப் பிரித்தால் கோரிக்கையே செல்லாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது.

அனுமதி வர நான்கு வேலை நாட்கள் ஆயின. அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது: பிரித்துப் பார்க்கும் கூலியான 6,800 ராண்டுக்கு நானே பொறுப்பு, கோரிக்கை ஏற்கப்பட்டால் மட்டுமே அது கணக்கில் சேரும் என்று கையெழுத்திட வேண்டும். எஞ்சினுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லாத நிலையில், நிறுவனத்தின் முடிவு எதுவென்று தெரியும் முன்பே உரிமையாளர் பணம் கட்ட வேண்டிய இந்த ஏற்பாடு, கையில் காசில்லாத குடும்பத்தை வாசலிலேயே நிறுத்திவிடும். வாரண்டி வாங்கும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றியபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. பம்ப் ஆயிலை உறிஞ்சும் குழாயின் முனையில் ஒரு சல்லடை உண்டு. அதன் கண்களில் பாதிக்கு மேல், ஊறிய சேமியாத் துண்டுகள் போன்ற சாம்பல் நிற சிலிக்கான் பசை அடைத்திருந்தது. எஞ்சினில் மற்ற இணைப்புகளில் இருந்த பசை கறுப்பு. சம்ப் விளிம்பில் மட்டும் சாம்பல் நிறம். யாரோ முன்பு சம்ப்பைக் கழற்றி, தேவைக்கு மேல் பசை தடவி மாட்டியிருக்கிறார்கள். உள்பக்கம் பிதுங்கிய பசை நாளடைவில் அறுந்து விழுந்து சல்லடையில் சேர்ந்திருக்கிறது. பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடுக்கும், அது சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டுக்கும் இடையே இருக்கும் பேரிங் ஓடு, அழுத்தத்தில் வரும் ஆயிலின் மெல்லிய படலத்தின் மேல் மிதந்து சுழல்வது. படலம் மெலிந்தால் உலோகம் உலோகத்தைத் தின்னும். மூன்றாம் சிலிண்டரின் பேரிங் ஓடு ஒன்றை அவர் என் உள்ளங்கையில் வைத்தார்: விரல் நீளம்கூட இல்லாத பிறை வடிவத் தகடு, மேல்பூச்சு முழுவதும் தேய்ந்து செம்பு நிறம் தெரிய, ஒரு ஓரம் காகிதம் போல நசுங்கியிருந்தது. ஆறு பேரைச் சுமந்த வண்டி அந்தச் சிறு தகட்டை நம்பித்தான் மலை ஏறியிருக்கிறது.

ஒன்பதாம் நாள் நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்தார். மரியாதையான மனிதர், ஆனால் எஞ்சினைப் பார்க்கும் முன்பு சர்வீஸ் புத்தகத்தைத்தான் கேட்டார். 15,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை சர்வீஸ், அதில் 1,000 கிலோமீட்டர் வரை தாமதம் அனுமதி என்பது ஒப்பந்தம். 82,500 கிலோமீட்டரில் செய்ய வேண்டிய சர்வீஸை நான் 84,400இல் செய்திருந்தேன். தவறு என்னுடையதுதான், அதை மறைக்கவில்லை. அடுத்த வாரம் வந்த கடிதம் இரண்டே காரணங்களைச் சொன்னது: சர்வீஸ் தாமதம், இயல்பான தேய்மானம். சல்லடையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நம்மில் பலர், நானும் இதற்கு முன்பு, மூன்று வெவ்வேறு பொருட்களை ஒன்றாக எண்ணிக் குழம்புகிறோம். தயாரிப்பாளரின் வாரண்டி, தொழிற்சாலையில் நேர்ந்த குறைக்கான பொறுப்பு. சர்வீஸ் பிளான், ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவதற்கு முன்கூட்டியே கட்டிய பணம். நான் வாங்கிய மெக்கானிக்கல் வாரண்டியோ ஒரு காப்பீட்டு ஒப்பந்தம். அதற்குப் பாகவாரியாக உச்சவரம்பு உண்டு, விலக்குகள் உண்டு, நம் பங்காகக் கழிக்கப்படும் தொகையும் உண்டு. என் ஒப்பந்தத்தில் எஞ்சினுக்கு 40,000 ராண்ட் உச்சவரம்பு, என் பங்கு 4,000 ராண்ட். விற்பனை மேசையில் எனக்குக் காட்டப்பட்டது பாகங்களின் நீண்ட பட்டியல் மட்டுமே. இந்தக் காலத்து ஏழு இருக்கை வண்டியின் எஞ்சினைப் பிரித்துக் கட்ட 40,000 ராண்ட் போதாது என்பது அதை விற்றவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது, எனக்குத்தான் தெரியவில்லை.

காப்பீட்டு ஒப்பந்தம் என்பதால் ஒரு பாதுகாப்பும் கிடைத்தது. தென்னாப்பிரிக்காவில் காப்பீட்டுக் கோரிக்கை மறுக்கப்பட்டால், அந்த முடிவை எதிர்த்து நிறுவனத்துக்கே எழுத 90 நாள் அவகாசம் உண்டு. மறுப்புக் கடிதத்திலேயே அது சொல்லப்பட வேண்டும். நான் பட்டறைக்காரரிடம் ஒரு பக்க அறிக்கை வாங்கினேன். பசையின் நிற வேறுபாடு, சல்லடையின் படங்கள், தாமதமாகச் செய்தாலும் 84,400இல் ஆயில் மாற்றப்பட்டதற்கான ரசீது, அதன் பிறகு 9,400 கிலோமீட்டர் வண்டி குறையின்றி ஓடியது, எஞ்சினுக்குள் ஆயில் கசடு எதுவும் படியவில்லை என்பது ஆகியவற்றை வரிசையாக எழுதினேன். சர்வீஸ் தாமதத்தால் சிலிக்கான் பசை உருவாகாது என்பதுதான் என் வாதத்தின் சாரம். மூன்று வாரம் பதில் இல்லாததால், 2024 மார்ச் முதல் வங்கி, காப்பீடு, கடன் குறைகளை ஒரே இடத்தில் விசாரிக்கும் தேசிய நிதி ஆம்பட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) அமைப்பில் முறையிட்டேன். முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. அதன் பிறகே நிறுவனம் மனம் மாறி, உச்சவரம்பில் என் பங்கைக் கழித்து 36,000 ராண்டுக்கு ஒப்புக்கொண்டது. மீதி 42,600 ராண்ட் எங்கள் கையில் இருந்து போயிற்று.

இளம் வயதிலேயே எஞ்சின் போவது எங்கள் வண்டிக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. அமெரிக்காவில் ஹூண்டாய், கியா நிறுவனங்களின் தீட்டா 2 எஞ்சின்களில் இதே கனெக்டிங் ராட் பேரிங் தேய்மானம் வந்து, 2015 முதல் திரும்பப் பெறும் அறிவிப்புகள் தொடர்ந்தன. 2019இல் நடந்த வழக்குச் சமரசத்தில் ஏறக்குறைய 40 லட்சம் வண்டிகளின் எஞ்சின் அடிப்பாகத்துக்கு வாழ்நாள் வாரண்டி தர அந்த நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. 2023 நவம்பரில் ஹோண்டாவும், பைலட், ஒடிசி போன்ற குடும்ப வண்டிகளில் கிராங்க்ஷாஃப்ட் கடைசல் குறை காரணமாக அங்கே ஏறக்குறைய 2,49,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. நம் நாட்டிலேயே 2017 ஜனவரியில் 4,556 ஃபோர்டு கூகா வண்டிகள் திரும்பப் பெறப்பட்டன. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் சுழற்சி குறைந்து எஞ்சின் சூடேறி, சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டு ஆயில் கசிந்து தீப்பிடித்ததே அதற்குக் காரணம். எங்கள் வண்டி இந்த நிறுவனங்களில் எதனுடையதும் அல்ல, தொழிற்சாலைக் குறையும் அல்ல. என்றாலும் பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் வண்டியின் சேசிஸ் எண்ணை வைத்து, திரும்பப் பெறும் அறிவிப்பு நிலுவையில் இருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுவிட வேண்டும். அப்படி இருந்தால் பழுது இலவசம், இந்த வாரண்டியின் வாசலுக்கே போக வேண்டியதில்லை.

விற்பனையாளரிடமும் போனேன். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கிய ஆறு மாதங்களுக்குள் குறை வெளிப்பட்டால் பழுது பார்த்துத் தரவோ மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ கோரும் உரிமையை நமக்குத் தருகிறது. 22 மாதங்கள் கழிந்த பிறகு அந்தக் கதவு மூடியிருந்தது. மோட்டார் துறைக்கென்று தனி ஆம்பட்ஸ்மன் இருக்கிறார். ஆனால் சம்ப்பைக் கழற்றியது முந்தைய உரிமையாளரா விற்பனையாளரா என்று காட்ட என்னிடம் சான்று இல்லாததால் அங்கே போகவில்லை. வாங்கிய முதல் ஆறு மாதத்துக்குள், வெளியே ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைத் தூக்கிக் காட்டி, பிரித்து மாட்டிய அடையாளங்களை எழுதி வாங்கியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. 2021 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள போட்டி ஆணையத்தின் வழிகாட்டு விதிகள், தயாரிப்பாளர் வாரண்டி இருக்கும்போதே வெளிப் பட்டறையில் சர்வீஸ் செய்துகொள்ள இடம் தருகின்றன. அதனால் வெளியே காட்டினால் வாரண்டி போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ரசீதில் கிலோமீட்டரும் ஆயிலின் தரமும் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானில் இருந்து இறக்குமதியாகும் பழைய எஞ்சின் ஒன்றை 45,000 ராண்டுக்கு மாட்டலாம் என்ற வழியும் இருந்தது. அதன் பழைய கதை நமக்குத் தெரியாது என்று சொல்லி, எங்கள் எஞ்சினையே கட்டலாம் என்றார் பெரியவர். கிராங்க்ஷாஃப்ட்டை 0.25 மில்லிமீட்டர் கடைந்து, அதற்கேற்ற பேரிங்குகளும் புதிய ஆயில் பம்ப்பும் போட்டார்; உலோகத் துகள் உள்ளே தங்கியிருக்கும் என்று ஆயில் கூலரையும் மாற்றினார். மாற்றிய பாகங்களுக்குச் சட்டப்படி மூன்று மாத உத்தரவாதம் போதும்; அவர் 12 மாதங்களுக்கு எழுத்தில் தந்தார். கழற்றிய பாகங்கள் அனைத்தையும் ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தார். குறை இரண்டு உண்டு: மூன்று வாரம் என்றது ஐந்து வாரமாயிற்று, தாமதத்தைத் தாமாக அழைத்துச் சொல்லவில்லை; முதல் ரசீதில் பாக எண்கள் இல்லாததால் வாரண்டிப் பணம் வர இன்னும் எட்டு நாள் தள்ளிப்போயிற்று. வேலைக்கு ஐந்தில் நான்கரை, தகவல் சொல்வதில் மூன்று.

வாரண்டிக்கு ஐந்தில் இரண்டு தருகிறேன். 14,500 ராண்ட் கட்டி 36,000 ராண்ட் வாங்கியதால் பணக் கணக்கில் எனக்கு நட்டம் இல்லை. ஆனால் வண்டியில்லாமல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய ஐந்து வாரங்களும், ஒவ்வொரு முறையும் புதிய ஆளிடம் முதலில் இருந்து விளக்கிய தொலைபேசி அழைப்புகளும் அந்தக் கணக்கில் வரவில்லை. ரசீதுகளை ஒன்று விடாமல் வைத்திருப்பவர், சர்வீஸை நாள் தவறாமல் செய்பவர், எஞ்சின் உச்சவரம்பு குறைந்தது 75,000 ராண்ட் இருக்கும் ஒப்பந்தம் கிடைத்தால் எடுக்கலாம். அக்டோபரில் புதுப்பிக்கச் சொல்லி அழைத்தார்கள். உச்சவரம்பு கூடியிருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார்கள், மறுத்துவிட்டேன். அந்தப் பணத்தை மாதம் 600 ராண்ட் வீதம் வண்டிக்கென்று ஒரு தனிக் கணக்கில் போட்டு வருகிறோம். எஞ்சின் கட்டிய பிறகு 7,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது; டவுன் ஹில் ஏற்றத்தில் இப்போது வானொலியை அணைத்துவிட்டு ஓட்டுகிறேன், தட்டல் எதுவும் கேட்கவில்லை.