பெரியம்மாவுக்கு ஒரு இடம்: குடியாத்தத்திலும் வேலூரிலும் மூன்று வாரம்

சாயங்காலம் ஐந்தரை மணி ஆனால் பெரியம்மா எழுந்துவிடுவார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய் வாசல் கேட்டைப் பிடித்து ஆட்டுவார். "இண்டிக்கி போவால" என்பார். வீட்டுக்குப் போக வேண்டுமாம். அவர் நிற்பது நாற்பது வருடமாகக் குடியிருக்கும் வீட்டு வாசலில்தான். "இதுதான் அத்தை நம்ம வீடு" என்று அண்ணி கையைப் பிடித்தால், அந்தக் கையைக் கடிப்பார். அண்ணியின் மணிக்கட்டில் பழைய பல் தடம் ஒன்று கறுத்துப் போயிருந்தது. மே மாதம் மெல்போர்னிலிருந்து வந்து இறங்கிய அன்றே அதைப் பார்த்தேன்.

என் அம்மா போனபோது எனக்கு ஏழு வயது. அம்மாவின் அக்காவான இந்தப் பெரியம்மாதான் என்னை வளர்த்தார். பலமநேர் பக்கம் பிறந்து, குடியாத்தத்தில் வாழ்க்கைப்பட்டு, பீடி சுற்றி எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தவர். தாய்மொழி தெலுங்கு, வெளியே தமிழ் என்று வாழ்ந்தவருக்கு இந்த இரண்டு வருடத்தில் டிமென்ஷியா என்ற மறதி நோயில் தமிழ் ஒவ்வொரு சொல்லாக உதிர்ந்துவிட்டது. ஆரணிப் பக்கத்து அண்ணிக்குத் தெலுங்கு தெரியாது.

வாட்ஸ்அப்பில் பேசும்போதெல்லாம் நான் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். டிவி போட்டு விடுங்க, பேச்சுக் கொடுங்க, வாக்கிங் கூட்டிப் போங்க. வந்த மூன்றாவது நாள் ராத்திரி ஒரு மணிக்குப் பெரியம்மா கேஸ் அடுப்பைத் திருகிவிட்டு, வத்திப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். காலையில் அண்ணியிடம், கடைசியாக ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கியது எப்போது என்று கேட்டேன். "தீபாவளிக்கு முன்னாடி" என்றார். அன்றைக்குத்தான் ஹோம், அதாவது முதியோர் இல்லம் என்ற பேச்சை நான் எடுத்தேன். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஹோம் தேடும் முன்னால் ஒரு காரியம் செய்தோம். இதைப் படிக்கும் எல்லோரும் அதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வேலூர் பாகாயத்தில் சிஎம்சி ஆஸ்பத்திரியின் மனநல மையத்தில் காட்டினோம். நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் கூடத் தங்கிப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் அங்கே 1950களின் கடைசியிலிருந்தே உண்டு. அதனாலோ என்னவோ, டாக்டர் பெரியம்மாவைப் பார்த்த நேரத்துக்குச் சமமாக அண்ணியிடமும் பேசினார். "போன மாசம் எப்படி இருந்தாங்க, இந்த மாசம் எப்படி?" என்று கேட்டார். பத்து நாளில் திடீரென்று மோசமானதாக அண்ணி சொன்னதும், ரத்தத்தில் சோடியம், தைராய்டு, பி12, அப்புறம் சிறுநீர் எல்லாம் பார்க்கச் சொன்னார். சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தது. வயதானவர்களுக்கு இந்தத் தொற்று வந்தால் ஜுரமே இல்லாமல்கூடப் புத்தி தடுமாறுமாம். வெயிலில் தண்ணீர் குடிக்க மறந்ததில் ஆரம்பித்திருக்கலாம் என்றார். மருந்து கொடுத்த ஒரு வாரத்தில் ராத்திரி அலைச்சல் பாதியாகக் குறைந்தது. டிமென்ஷியா போகவில்லை, அது போகாது. ஆனால் மாற்றக்கூடியதை மாற்றாமல் ஒருவரை ஹோமுக்கு அனுப்பக் கூடாது.

வளரும் நாடுகளில் இந்த நோயைப் பற்றி நடந்த 10/66 என்ற பெரிய ஆய்வில் வேலூர்க் கிராமங்களும் ஒரு களம். நோயாளிகளில் 66 சதவீதம் பேர் நம்மைப் போன்ற நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட இங்கே நடக்கவில்லை என்பதால் வைத்த பெயர் அது. அப்படிப்பட்ட ஊரில்கூட டிமென்ஷியாவுக்கு என்றே ஒரு இல்லம் கேட்டால், ஆளாளுக்குச் சென்னையையும் பெங்களூரையும் கைகாட்டினார்கள். வேலூரிலிருந்து சென்னை 140 கிலோமீட்டர் இருக்கும், பெங்களூர் 200க்கு மேல். குடியாத்தத்தில் இருக்கும் அண்ணனால் வாரத்துக்கு எத்தனை முறை போய்வர முடியும்? பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய இடம்தான் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு நான்கு இடம் பார்த்தேன்.

முதல் இடம் அழகான கட்டடம். ஏசி, கிரானைட் தரை, வெளிநாட்டுப் பிள்ளைகள் போனிலேயே பார்க்கிற மாதிரி கேமரா. காலை பதினொரு மணிக்கு வரச் சொல்லி, சுற்றிக் காட்டி, ஜூஸ் கொடுத்தார்கள். மனது நிறைந்துதான் திரும்பினேன். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் ஆறேகாலுக்குப் போனேன். வெளியே இன்னும் வெளிச்சம். உள்ளே கூடத்தில் ஒருவரும் இல்லை. எட்டிப் பார்த்த ஒவ்வொரு அறையிலும் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். "இந்த நேரத்துல ரொம்பத் தொந்தரவு பண்ணுவாங்க சார், அதனால மாத்திரை குடுத்துடுவோம்" என்றார் ட்யூட்டியில் இருந்த பெண். அவர் அதை மறைக்கக்கூட இல்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்கு யாரும் சொல்லவில்லை. யார் எழுதிக் கொடுத்த மாத்திரை, யாருக்கு எவ்வளவு என்று கேட்டேன். சீட்டு எதுவும் வரவில்லை.

ரிஸ்பெரிடோன், க்யூட்டியபின் போன்ற மனநோய் மாத்திரைகளை டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்குக் கொடுத்தால் பக்கவாதமும் மரணமும் நேரும் ஆபத்து கூடுகிறது. மருந்து எச்சரிக்கையிலேயே இது இருக்கிறது. சிலருக்குச் சில காலம் தேவைப்படலாம், அதை டாக்டர் பார்த்துக் கொடுத்து, பார்த்து நிறுத்த வேண்டும். ஆள் பற்றாக்குறைக்கு மாத்திரை மருந்தாக முடியாது. நான் இருக்கும் நாடு இதில் ஒழுங்கு என்று யாரும் எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்பை விசாரிக்க ஒரு ராயல் கமிஷன் போட்டு, 2019ல் வந்த இடைக்கால அறிக்கைக்கு அவர்கள் வைத்த தலைப்பே 'புறக்கணிப்பு'. மாத்திரை கொடுத்து அடக்கி வைப்பதை உடனே சரிசெய்ய வேண்டியவற்றில் ஒன்றாக அந்த அறிக்கை சொன்னது. அதனால்தான் எனக்கு அந்த ஆறேகால் மணிக் கூடம் அவ்வளவு பயத்தைக் கொடுத்தது.

இரண்டாவது, தர்ம சிந்தனையில் நடக்கும் இல்லம். கையில் காசில்லாத பெரியவர்கள் நாற்பது பேர், ஆயாக்கள் இரண்டே பேர். கேட் எதிரே நெடுஞ்சாலை. நடத்துகிற பெரியவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "எழுந்து நடக்கிறவங்களை எங்களால பார்த்துக்க முடியாதுப்பா, லாரி ரோடு இது" என்றார். முடியாததை முடியாது என்று சொன்ன அந்த மனிதரை வணங்கத்தான் தோன்றியது. அரிசி மூட்டைக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போனில் 28,000 என்றார்கள், நேரில் டயப்பர் தனி, டாக்டர் வந்தால் தனி, தனி ஆயா வேண்டுமென்றால் அதற்குத் தனி என்று 40,000ஐத் தாண்டியது. பதிவுச் சான்றிதழ் கேட்டேன். டிரஸ்ட் பத்திரத்தைக் காட்டினார்கள். முதியோர் இல்லம் என்றால் சமூக நலத்துறைப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். டிரஸ்ட் பத்திரம் அதற்கு ஈடாகாது. சந்தேகம் வந்தால் 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண்ணுக்கு ஊரிலிருந்து யாரையாவது பேசச் சொல்லலாம்.

நான்காவது இடம் வேலூரில் ஒரு சாதாரணத் தெருவில் சாதாரண வீடு. பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பகலில் நான்கு ஆயாக்கள், ராத்திரி இரண்டு பேர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் நடத்துகிறார். மற்ற மூன்று இடத்திலும் என்னிடம் எடை, சுகர், பிரஷர், தானாகச் சாப்பிடுவாரா, பாத்ரூம் போவாரா என்று கேட்டார்கள். இவரும் அதெல்லாம் கேட்டார். கேட்டு எழுதிக்கொண்டு, பேனாவை மூடிவிட்டு, "அம்மா என்ன வேலை பார்த்தாங்க?" என்றார்.

பீடி சுற்றினாங்க என்றேன்.

"அப்ப சாயங்காலம் அஞ்சரைக்கு என்ன பண்ணிட்டு இருப்பாங்க?"

என் வாயிலிருந்து பதில் வருவதற்குள் நெஞ்சு அடைத்துவிட்டது. ஐந்தரை மணி என்றால் பீடி கொண்டுபோய்ப் போடும் நேரம். 25 பீடி ஒரு கட்டு. கட்டுகளை முறத்தில் அடுக்கித் துணி மூடி, ஏஜெண்ட் கடைக்கு எடுத்துப் போவார். கடைக்காரர் எண்ணிப் பார்த்து, சரியில்லாததைக் கழித்துவிட்டு, பாஸ் புக்கில் எழுதிக் கொடுப்பார். அப்புறம் இலையும் புகையிலைத் தூளும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வர வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பசியோடு இருக்கும். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் நான். இரண்டு வருடமாகப் பெரியம்மா கேட்டைப் பிடித்து ஆட்டி "இண்டிக்கி போவால" என்றது எங்களிடம் வருவதற்காகத்தானோ என்று அங்கே உட்கார்ந்துதான் எனக்குத் தோன்றியது. கூடவே இன்னொன்றும் பிடிபட்டது. கட்டிலில் உட்கார்ந்தபடி முந்தானை ஓரத்தை விரலால் உருட்டி உருட்டி, நுனியை நகத்தால் மடித்துக்கொண்டே இருப்பார். புடவையைக் கிழிக்கிறார் என்று அண்ணி பிடுங்கி விடுவார். அது பீடி மடிக்கிற கை.

அங்கே குறை இல்லாமல் இல்லை. பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, பின் அறையில் மதியம் அனல் அடித்தது. கம்பி போட்டுத் தாருங்கள், செலவை நான் தருகிறேன் என்றேன். நாலு நாளில் போட்டு போட்டோ அனுப்பினார்கள். முன் அறையில் கட்டில் கேட்டு வாங்கினோம். வெயிலில் எத்தனை மணிக்கு ஒரு தடவை தண்ணீர் கொடுப்பீர்கள், ராத்திரி விழுந்துவிட்டால் எந்த ஆஸ்பத்திரி, யார் கூடப் போவது, படுத்த படுக்கையானால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போட ஆள் உண்டா, இடையில் அழைத்துப் போனால் அட்வான்ஸ் திரும்ப வருமா என்று எல்லாவற்றையும் தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். மாதம் 24,000, டயப்பர் தனி. நானும் அண்ணனும் தங்கையும் பிரித்துக்கொள்கிறோம். இதற்கும் முதல் முறைக்குப் பிறகு சொல்லாமல் இரண்டு தடவை சாயங்காலம் போனேன். ஒரு தடவை கூடத்தில் சத்தமும் அழுகையுமாக இருந்தது, ஒரு ஆயா ஒரு தாத்தாவோடு வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். விழித்துக்கொண்டு இருந்தார்கள் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

பென்ஷன் விஷயம் ஒன்று. பெரியம்மாவுக்கு பி.எஃப். பென்ஷன் மாதம் 1,000 ரூபாய்தான் வருகிறது. தொகை சிறிது என்றாலும் அது அவர் சம்பாதித்தது, நிற்கக் கூடாது. வருடா வருடம் உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். இலையையும் நூலையும் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகை அழிந்துபோனதால் மெஷினில் கைரேகை விழவே இல்லை. இப்போது போனிலேயே முகத்தைக் காட்டிப் பதிவு செய்யலாம். ஹோமில் சேர்க்கும் முன்பே அதை முடித்தோம். கண்ணைச் சிமிட்டச் சொன்னபோது பெரியம்மா சிரித்தார்.

பக்கத்து வீட்டு அம்மா, "பெத்த புள்ள இருக்கும்போது ஹோமா?" என்று அண்ணனிடம் கேட்டுவிட்டார். அண்ணன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஊரில் இருக்கும் பிள்ளைக்கு விழும் சொல் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு விழுவதில்லை. அதனால் நானே அந்த அம்மா வீட்டுக்குப் போய், சேர்க்கச் சொன்னது நான் என்று சொல்லி, அண்ணியின் மணிக்கட்டைப் பற்றியும் சொல்லிவிட்டு வந்தேன். இது நாங்கள் எல்லோரும் செய்ய வேண்டிய வேலை.

காலை பத்து மணிக்கு அழைத்துப் போனோம். சாயங்காலம் வேண்டவே வேண்டாம் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். பழைய தலையணை, இரண்டு நூல் புடவை, அந்த முறம். முதல் நாலு நாள் அழுதார். என்னையும் அடித்தார். ஐந்தாம் நாள், சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து வேலை செய்யும் ஒரு ஆயா, "அன்னம் தின்னாவா அவ்வா?" என்று, சாப்பிட்டாயா பாட்டி என்பதைத் தெலுங்கில் கேட்டதும், பெரியம்மா திரும்பிப் பார்த்து, "தின்னலேது", சாப்பிடவில்லை என்றார். எவ்வளவு நாளைக்குப் பிறகு ஒரு கேள்விக்கு நேர்ப் பதில்.

அண்ணி தெருவில் ஒரு வீட்டிலிருந்து பீடி இலை கொஞ்சம் வாங்கி, நனைத்துத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். தூள் வேண்டாம், வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். கத்தரியும் வேண்டாம். ஆயாவே இலையை வெட்டி முறத்தில் வைத்தார். பெரியம்மா ஒரு இலையை எடுத்து, ஈரம் பதமாக இருக்கிறதா என்று கட்டை விரலால் தடவினார். சுற்றினார். நுனியை மடித்து, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி அறுத்தார். என் பெயர் தெரியாத அந்த விரல்கள் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் நாலரைக்குப் போனேன். முறத்தில் வெற்றுப் பீடி ஒரு கட்டு இருந்தது. ஐந்தரை ஆனதும் எழுந்தார். கேட்டுக்குப் போகவில்லை. என்னிடம் வந்து கட்டை நீட்டி, "இரவை ஐது" என்றார். இருபத்தைந்தாம். எண்ணிப் பார்த்தேன். 23 இருந்தது. "புக்குலோ ராய்" என்றார். புத்தகத்தில் எழுதச் சொல்கிறார். சட்டைப் பையில் இருந்த சின்ன நோட்டை எடுத்து, அவர் பார்க்கிற மாதிரி 25 என்று எழுதி, தேதி போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "சரி, நேனு போத்தா, பில்லலு ஒஸ்தாரு" என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பிள்ளைகள் வந்துவிடுமாம். அந்த நோட்டையும் ஒரு பேனாவையும் ஆயாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது தினமும் அவர்தான் எழுதுகிறார்.