அஞ்சு ஆக்சிஸ் கேம் (CAM) சாஃப்ட்வேர் வாங்கப் போறவங்க கவனத்துக்கு: 9,44,000 ரூபாய் போன கதை

கோயமுத்தூர்ல ஜாப் ஒர்க் பண்றவங்க, அஞ்சு ஆக்சிஸ் மெஷின் (மூணு திசையில நகர்றதோட ரெண்டு விதமா சுத்தியும் வெட்டற மெஷின்) புதுசா இறக்கினவங்க, கொஞ்சம் பொறுமையா படிங்க. கட்டர் எப்படிப் போகணும்னு கம்ப்யூட்டர்ல வழி போட்டுத் தர்றது கேம் சாஃப்ட்வேர்; அந்த வழியை நம்ம மெஷினுக்குப் புரியற கட்டளையா, அதாவது ஜி கோடா, மாத்தி எழுதறது போஸ்ட். இது ரெண்டையும் வாங்கறப்போ என்னென்ன பார்க்கணும்னு கடைசியில சொல்றேன். முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன். இன்னும் கை நடுங்குதுங்க.

பேர் போட மாட்டேன். வெளிநாட்டு கேம் சாஃப்ட்வேரை இங்க வித்துக்கொடுக்கிற ஒரு டீலர், அவ்வளவுதான். அஞ்சு ஆக்சிஸ் மாட்யூல் 8 லட்சம், 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,44,000. மொத்தம் 9,44,000 ரூபாய். மொத்தத்தையும் முன்பணமா வாங்கிட்டாங்க.

டீலரோட ஆளு டெமோவுக்கு வந்த அன்னிக்கு நடந்ததை நினைச்சாத்தான் வயிறு எரியுது. நாங்க குடுத்த இம்பெல்லரோட (பிளேடு வச்ச சுத்தற சக்கரம்) ஸ்டெப் ஃபைலையே, அதான் 3டி டிராயிங்கையே, லேப்டாப்ல ஏத்தினாரு. எங்க மெஷின் மாதிரியே ஒரு ட்ரன்னியன் டேபிள், அதாவது சாஞ்சு சுத்தற டேபிள், திரையில வந்துச்சு. ஏ ஆக்சிஸ் சாயுது, சி ஆக்சிஸ் சுத்துது, டேப்பர் பால் நோஸ் கட்டர் ரெண்டு பிளேடுக்கு நடுவுல வழுக்கிக்கிட்டு போகுது, எங்கயும் இடிக்குதுன்னு காட்டற சிவப்பே வரலை. ஷிஃப்ட் பசங்க எல்லாம் வேலையை விட்டுட்டுச் சுத்தி நின்னு பார்த்தாங்க. "போஸ்ட்டுக்குத் தனியா ஏதும் ஆகுமாங்க?"ன்னு கேட்டேன். டீ கிளாஸைக் கீழ வச்சுட்டு, "அண்ணா, போஸ்ட் நம்ம பொறுப்புங்கண்ணா. திரையில பார்த்தீங்கல்ல, இதேதான் மெஷின்ல ஓடும்"னாரு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அன்னிக்கு சாயங்காலமே ஆர்டர் போட்டேன்.

இதேதான் ஓடுமாம்! அவர் காட்டின சிமுலேஷன் சாஃப்ட்வேர் உள்ள இருக்கிற டூல்பாத்தை, அதாவது கட்டர் போற வழியை, ஓட்டுறது. போஸ்ட் எழுதற ஜி கோடை அது தொடவே இல்லை. ஒரே டூல் சாய்வுக்கு மெஷின்ல பெரும்பாலும் ரெண்டு நிலை உண்டு: ஏ ஒரு பக்கம் சாயலாம், இல்லேன்னா ஏ எதிர்ப்பக்கம் சாஞ்சு சி 180 டிகிரி திரும்பி நிக்கலாம். எதை எடுக்கறதுன்னு முடிவு பண்றது போஸ்ட். எங்க மெஷின்ல ஏ ஒரு பக்கம் 120 வரைக்கும் போகும், இன்னொரு பக்கம் 30 தாண்டாது. நல்ல போஸ்ட்டா இருந்தா, லிமிட் வருதுன்னு முன்னாடியே தெரிஞ்சு முதல்லயே சரியான பக்கத்தை எடுக்கும். வேற வழியே இல்லேன்னா டூலை வெளிய எடுத்து, சுத்தி, மறுபடி உள்ள இறக்கும்.

இவங்க குடுத்தது? ரஃபிங், அதாவது முதல் முரட்டு வெட்டு, 3+2ல (ஏ, சி ரெண்டையும் ஒரு நிலையில பூட்டிட்டு வெட்டறது) சுத்தமா முடிஞ்சுது. பிளேடு ஃபினிஷிங்ல ஏ மைனஸ் 30ஐத் தொட்டுச்சு. டூல் பிளேடுக்கு நடுவுல இருக்கிறப்பவே ஏ எதிர்ப்பக்கம் திரும்புது, சி அரைச் சுத்து சுத்துது. டூல் நுனியை பார்ட் மேல அதே புள்ளியில பிடிச்சு வைக்கிற டிசிபி (ஜி43.4) ஆன்ல இருந்ததால டூல் நுனி மட்டும் அதே இடத்துல நிக்குது, டேபிள் அதைச் சுத்தி வருது. ஆபரேட்டர் தம்பி எமர்ஜென்சியை அமுக்கறதுக்குள்ள பக்கத்து பிளேடு போச்சு, கட்டர் போச்சு, கட்டரைப் பிடிச்சிருக்கிற ஹோல்டர் இம்பெல்லர் நடுவுல இருக்கிற ஹப்புல இடிச்சு நின்னுது. கட்டரைச் சுத்தற ஸ்பிண்டில்ல டெஸ்ட் பார் போட்டு டயல் வச்சுப் பார்த்தோம், முள் 30 மைக்ரான் ஆடுது. ஸ்பிண்டில் செலவு தனி. அது இந்த 9,44,000க்குள்ள வராது.

அதுக்கப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க அலைக்கழிப்பு. முதல்ல "மெஷின் கம்பெனிகிட்ட கேளுங்க, பாராமீட்டர் பிரச்சனையா இருக்கும்"னாங்க. மெஷின் கம்பெனி இன்ஜினியர் வந்து பார்த்துட்டு, டிசிபி சரியா இருக்கு, ரோட்டரி சென்டர் (டேபிள் சுத்தற மையம்) சரியா இருக்கு, இது போஸ்ட்டுன்னு எழுதியே குடுத்துட்டுப் போனாரு. அதை அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் இல்லை. ஃபோன் போட்டா "அப்ளிகேஷன் தம்பி லீவுங்க சார்". டெமோவுல அண்ணா, இப்ப சார்! அப்புறம் "ஹெட் ஆபீஸ்ல டிக்கெட் போட்டிருக்கோம்". கடைசியா வாய் திறந்தாங்க: பில்லுல இருக்கிறது ஜெனரிக் போஸ்ட்டாம், எங்க மெஷினுக்குத் தகுந்த மாதிரி மாத்த 80,000 ரூபாய் தனியாம், அதுக்கும் முதல்ல ஏஎம்சி (வருஷப் பராமரிப்புக் கட்டணம்) கட்டணுமாம்.

சரி, நாமளே திறந்து மாத்திக்கலாம்னு பார்த்தா ஃபைல் லாக் பண்ணியிருக்கு. காசு குடுத்து வாங்கின போஸ்ட்டுல ஒரு வரியைத் திருத்த முடியாது.

கட்டின ஜிஎஸ்டியாவது இன்புட் கிரெடிட்டா திரும்ப வரும்லனு கமென்ட்ல கேப்பீங்க. அவங்க இன்னும் ரிட்டர்னே போடலை, எங்க ஜிஎஸ்டி 2பில (சப்ளையருங்க காட்டின பில் வர்ற பட்டியல்) அந்த பில்லைக் காணோம். ஆக இன்னிக்குத் தேதிக்கு முழுசா 9,44,000 ரூபாய். சாஃப்ட்வேரைத் திறக்கற டாங்கிள் டிராயர்ல கிடக்குது.

சொல்றேன்னு சொன்னதைச் சுருக்கமா சொல்லிடறேன், கஸ்டமருக்கு ஃபோன் பண்ணி டெலிவரி தள்ளணும். ஆர்டர்லயே மெஷின் மாடல், கன்ட்ரோல் (மெஷினை ஓட்டற கன்ட்ரோலர்) பேர் போட்டு, அதுக்கான போஸ்ட்னு எழுதி வாங்குங்க, "லாக் இல்லாத ஃபைல்"னும் எழுதுங்க. உங்க மெஷின்ல, உங்க பார்ட்டுல, உங்க கண்ணு முன்னாடி சிப் விழுந்த பிறகுதான் பாதிப் பணம். சிமுலேஷன் காட்டினா "இது ஜி கோடா, டூல்பாத்தா?"ன்னு கேளுங்க, முழிச்சா அனுப்பிடுங்க. மெஷின்ல டிசிபி ஆப்ஷன் ஆன்ல இருக்கான்னும் முன்னாடியே பாருங்க, சில மெஷின்ல அது தனிக்காசு.

ஏ, சி ட்ரன்னியன், ஃபேனக் கன்ட்ரோலுக்கு லாக் இல்லாம போஸ்ட் எழுதித் தர்ற ஆளு யாராச்சும் தெரிஞ்சா இன்பாக்ஸ் வாங்க. டீலருங்க வர வேண்டாம்.